கடலில் இருப்பவரின் ஓட்டு: குமரி மீனவரின் தபால் ஓட்டுக் கோரிக்கை எங்கே சிக்குகிறது?

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மீன்பிடித் தடைக்காலம் இரண்டு. சின்னமுட்டம் துறைமுகத்து விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கு. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டுமே 61 நாள்தான். மீன் இனப்பெருக்கத்துக்காக வகுத்த இந்தத் தேதிகள்தான், இங்கே ஒருவர் ஓட்டுப் போடுவாரா மாட்டாரா என்பதையும் பாதி தீர்மானிக்கின்றன.

2024 மக்களவைத் தேர்தலையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. சின்னமுட்டத்து விசைப்படகுகள் கரையேறி நான்கு நாளாகியிருந்தன; படகுத் தொழிலாளி காலையில் காப்பி குடித்துவிட்டு நடந்துபோய் ஓட்டுப் போடலாம். அதே மக்களவைத் தொகுதியின் மேற்கு முனையில் தூத்தூர் வட்டாரத்துக்குத் தடைக்காலம் தொடங்க இன்னும் ஆறு வாரம் இருந்தது. அங்குள்ள ஆழ்கடல் படகுகளுக்கு அது நடுத்தொழில் காலம். மாநிலத்தில் கிட்டத்தட்ட 70 விழுக்காடு வாக்குப் பதிவானபோது, கன்னியாகுமரி தொகுதி 65 விழுக்காட்டை ஒட்டி நின்றது. அந்த இடைவெளி முழுவதையும் மீனவர் கணக்கில் எழுத முடியாது. கேரளத்தில் வேலை செய்பவர்களும் வளைகுடாவில் இருப்பவர்களும் இந்த மாவட்டத்தில் ஏராளம். ஆனால் கடலில் இருப்பவர் ஒரு தனி ரகம். அவர் ஊரை விட்டுக் குடிபெயர்ந்தவர் அல்ல. வீடு, ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை எல்லாம் ஊரில்தான் இருக்கின்றன. ஓட்டு நாளில் ஆள் மட்டும் இல்லை.

நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை. இந்த எட்டு ஊர்களும் ஆழ்கடல் தூண்டில் தொழிலுக்குப் பேர்போனவை. சுறாவும் சூரையும் தேடிப் போகும் இவர்களின் படகு, கரையை விட்டால் ஒரு மாதமும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். டீசலும் ஐஸும் அரிசியும் ஏற்றிக்கொண்டு போனவர்கள், மீன் சேராமல் திரும்பினால் செலவுகூட மிஞ்சாது. பிடித்த மீனையும் பலரும் ஊரில் இறக்குவதில்லை. கொச்சி தோப்பும்படியில் இறக்குகிறார்கள். அங்கிருந்து வடக்கே கர்நாடகம், மகாராஷ்டிரம், குஜராத் துறைமுகங்கள் வரை இவர்களுக்குப் பழக்கம்.

இந்த ஊர்களில் ஒரு வாக்குச்சாவடி அலுவலர் வீட்டு வாசலில் நின்று கேட்டால் உரையாடல் ஏறக்குறைய இப்படித்தான் போகும்:

“ஆளு எங்க?”

“கடலுக்குப் போயிருக்காவ டீச்சர்.”

“எப்ப வருவாவ?”

“தோப்பும்படியில கரையேறுனா போன்ல விளிப்பாவ.”

இதற்கு மேல் அந்த அம்மாவுக்கும் தெரியாது, டீச்சரின் படிவத்திலும் இதை எழுதக் கட்டம் கிடையாது.

தேர்தல் வரும்போதெல்லாம் கடற்கரையில் எழும் கோரிக்கை ஒன்றுதான்: தபால் ஓட்டு கொடுங்கள். மாவட்ட ஆட்சியரிடம் மனு போகிறது, ஆட்சியர் அலுவலகம் மேலிடத்துக்கு அனுப்புகிறது, தேர்தல் முடிந்துவிடுகிறது. கேட்டது நியாயம்தான். கேட்கும் இடமும் கேட்கும் நேரமும்தான் பிசகுகின்றன. இதைக் கையில் எடுக்கும் எந்தக் குடிமக்கள் அமைப்பும் முதலில் சட்டத்தின் மூன்று அடுக்குகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மனுவில் எழுதும்போதுதான் அது எந்த மேசைக்கும் உரியதாக இல்லாமல் போகிறது.

முதல் அடுக்கு உரிமை. அரசியலமைப்பின் 326ஆம் பிரிவு வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்கிறது. இதில் மீனவருக்குச் சிக்கல் இல்லை. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவில், பலர் கவனிக்காத ஒரு வரியும் இருக்கிறது: தற்காலிகமாக ஊரில் இல்லை என்பதாலேயே ஒருவர் அந்த ஊரின் சாதாரணக் குடியிருப்பாளர் அல்லாதவராகிவிட மாட்டார். பட்டியலில் பெயரைக் காப்பாற்ற மீனவருக்கு இதைவிடப் பெரிய ஆயுதம் வேறில்லை.

இரண்டாவது அடுக்கு, அந்த உரிமையைப் பயன்படுத்தும் முறை. இது 1951ஆம் ஆண்டுச் சட்டத்திலும் 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளிலும் இருக்கிறது. சட்டம் மனதில் வைத்திருக்கும் வாக்காளர் தரையில் வாழ்பவர், மாதச் சம்பளமோ தினக்கூலியோ வாங்குபவர். ஓட்டு நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்கிற 135-பி பிரிவைப் பாருங்கள். கடைச் சிப்பந்திக்கும் கம்பெனி ஊழியருக்கும் அது நல்ல பாதுகாப்பு. ஆழ்கடல் படகில் சம்பளமே கிடையாது. செலவு போக மிஞ்சுவதில் பங்கு. கரையிலிருந்து பல நூறு மைல் தள்ளி நிற்பவருக்கு யார் விடுமுறை கொடுப்பது? அதே பிரிவில் ஒரு விலக்கும் உண்டு: ஒருவர் வேலையை விட்டு வந்தால் ஆபத்தோ பெரும் நட்டமோ ஏற்படும் என்றால் இந்தச் சலுகை அவருக்குப் பொருந்தாது. படகுத் தொழிலாளி கேட்டுப் பார்த்தாலும் இந்த வரியைக் காட்டி அனுப்பிவிடலாம்.

மூன்றாவது அடுக்கில்தான் கதவு இருக்கிறது. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 60ஆவது பிரிவு, தேர்தல் ஆணையம் அரசைக் கலந்து அறிவிக்கும் எந்த வகுப்பினருக்கும் தபால் ஓட்டு தரலாம் என்கிறது. நாடாளுமன்றத்தில் புதிதாக ஒரு மசோதா வேண்டாம். ஓர் அறிவிக்கை போதும். 2019 அக்டோபரில் விதிகளைத் திருத்தி ‘வராத வாக்காளர்’ என்றொரு வகையைக் கொண்டுவந்தார்கள். முதியோர், மாற்றுத்திறனாளிகள், அத்தியாவசியப் பணியில் இருப்போர் இதில் வந்தார்கள். 2020இல் கொரோனா நோயாளிகளும் சேர்ந்தார்கள். முதியோருக்கு முதலில் 80 வயது என்று இருந்தது, 2024 மார்ச்சில் 85 ஆனது. தேர்தல் செய்தி சேகரிக்க அனுமதி பெற்ற பத்திரிகையாளர்களுக்கும் இதே வழியில்தான் கிடைத்தது. பத்திரிகையாளர் ஓட்டு நாளில் வேலையில் இருப்பதால் தொகுதிக்குப் போக முடியாது என்பது ஆணையத்துக்குப் புரிந்திருக்கிறது. சுறாத் தூண்டில் போடுபவர் விஷயத்திலும் அதே காரணத்தைச் சொல்ல என்ன தடை?

மாநிலத் தலைநகரில் வேலை தொடங்குவது இங்கேதான். சட்டம் சொல்லும் கலந்தாலோசனை ஒன்றிய அரசோடு நடப்பது. ஆனால் எந்தெந்த அத்தியாவசியப் பணிக்குத் தபால் ஓட்டு என்ற பட்டியல் மாநிலவாரியாக வருகிறது; மாநிலத்துக்கு மாநிலம் அதில் வித்தியாசம் உண்டு. தமிழ்நாட்டுப் பட்டியலில் எது இடம்பெற வேண்டும் என்று டெல்லியில் இருப்பவர் தானாக யோசிக்க மாட்டார். சென்னையில் இருக்கும் தலைமைத் தேர்தல் அதிகாரியும், மீன்வளத் துறையும் எழுதினால்தான் அந்தக் கோப்பு பிறக்கும். நாகர்கோவிலில் ஆட்சியரிடம் கொடுக்கும் மனு இவ்விரண்டு மேசைகளுக்கும் போய்ச் சேர்ந்ததா என்று யாரும் பின்தொடர்வதில்லை. வேட்பாளர்களிடம் கேட்டால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அவர்களுக்குத் தேவை அந்த நேரத்துக் கைதட்டல்.

அத்தியாவசியப் பணி என்ற சட்டை மீனவருக்கு அளவெடுத்துத் தைத்ததல்ல என்பதும் உண்மை. மின்வாரியத்திலோ ரயில்வேயிலோ இருப்பவருக்கு ஒரு துறை இருக்கிறது. அந்தத் துறையின் தொடர்பு அலுவலர், இவர் ஓட்டு நாளில் பணியில் இருப்பார் என்று, தபால் ஓட்டுக் கேட்கும் 12-டி படிவத்தில் சான்று தருவார். மீனவர் யாருக்கும் ஊழியர் அல்ல. யார் சான்று தருவது? இதற்கு விடை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. படகைப் பதிவு செய்வதும், தடைக்கால நிவாரணம் கொடுப்பதும், டீசல் மானியம் கணக்குப் பார்ப்பதும் மீன்வளத் துறை. யார் மீனவர் என்று அரசாங்கத்தில் அறிந்து வைத்திருக்கும் துறை அது ஒன்றுதான். அந்தத் துறையின் அலுவலரைத் தொடர்பு அலுவலராக நியமித்தால் போதும். மனுவில் இந்த ஒரு வரி இருந்தால், முடியாது என்று திருப்பி அனுப்புவது அதிகாரிகளுக்குக் கொஞ்சம் கடினமாகும்.

அறிவிக்கை வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். தேதிகளை அடுக்கிப் பார்த்தால்தான் அடுத்த முடிச்சு தெரியும். 2024இல் தேர்தல் அட்டவணை அறிவித்தது மார்ச் 16. முறையான அறிவிக்கை மார்ச் 20. அறிவிக்கை வந்து ஐந்து நாளுக்குள் 12-டி படிவம் போய்ச் சேர வேண்டும். அதாவது மார்ச் 25. வேட்புமனு வாபஸுக்குக் கடைசி நாள் மார்ச் 30. அதற்குப் பிறகுதான் வாக்குச்சீட்டே அச்சாகும். அத்தியாவசியப் பணியாளர்கள் ஓட்டு நாளுக்கு முன்பே தொடர்ந்து மூன்று நாள் திறந்திருக்கும் தபால் வாக்கு மையத்துக்குப் போய் ஓட்டுப் போட வேண்டும்.

இப்போது ஒரு படகை நினைத்துக்கொள்ளுங்கள். மார்ச் முதல் வாரம் புறப்பட்டு, ஈஸ்டருக்கு ஊரில் இருக்க வேண்டும் என்று மார்ச் 30 அன்று கரை சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்து, நாலைந்து நாள் கழித்துத் திரும்பவும் கடலுக்குப் போகிறது. அதில் இருப்பவர் ஊரில் இருந்த நாள்களில் 12-டி வாங்கும் தேதி கடந்துவிட்டது. வாக்கு மையம் இன்னும் திறக்கவில்லை. தபால் ஓட்டு உரிமை கையில் இருந்தும் அவர் ஓட்டுப் போட்டிருக்க முடியாது.

ஆகவே கோரிக்கை இரண்டாகப் பிரிய வேண்டும். மீனவரை ஒரு வகுப்பாக அறிவிப்பது ஆணையத்தின் அறிவிக்கையால் முடியும். ஐந்து நாள் கெடுவைத் தளர்த்துவது விதித் திருத்தம். அது ஒன்றிய சட்ட அமைச்சகத்தின் வேலை. முதலாவதை மாநில அளவில் எழுதிக் கேட்டு வாங்கலாம். இரண்டாவதற்கு நாடாளுமன்ற உறுப்பினர் வேண்டும், நேரமும் வேண்டும். கெடுவை நீக்கச் சொல்வதைவிட, தடைக்காலமான ஜூன், ஜூலையில் ஆள்கள் எல்லாம் ஊரில் இருக்கும்போதே மீன்வளத் துறை மூலம் ஒருமுறை பதிந்து வைத்தால் அடுத்த தேர்தலுக்குச் செல்லும் என்று ஓர் ஏற்பாட்டைக் கேட்பது நடைமுறைக்கு உகந்தது. ராணுவத்தினருக்குப் பணி வாக்காளர் பட்டியல் தனியாகவே இருக்கிறது. நிலையாக ஒரு பட்டியல் வைத்திருப்பது ஆணையத்துக்குப் புதிதல்ல.

ஈஸ்டரைச் சும்மா இழுக்கவில்லை. தமிழ்நாட்டின் கடந்த சில தேர்தல் தேதிகளை நாள்காட்டியோடு வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். 2014இல் வாக்குப்பதிவு ஏப்ரல் 24, ஈஸ்டர் ஏப்ரல் 20. 2019இல் வாக்குப்பதிவு ஏப்ரல் 18, அன்று ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன். 2021இல் ஏப்ரல் 6, ஈஸ்டர் ஏப்ரல் 4. பெரிய வாரத்துக்குக் கரை திரும்பும் வழக்கம் உள்ளவர்களுக்கு இந்த மூன்றும் தற்செயலாக வாய்த்த வசதி. 2019இல் பெரிய வியாழன் வழிபாட்டைக் காரணம் காட்டித் தேதியை மாற்றச் சொன்னார்கள் திருச்சபையினர், தேதி மாறவில்லை. அதே நாளில் சித்திரைத் திருவிழாவுக்காக மதுரையில் இரவு 8 மணி வரை ஓட்டுப் போட நேரம் கிடைத்தது. 2016இல் வாக்குப்பதிவு மே 16, ஈஸ்டர் கழிந்து ஏழு வாரம். 2024இல் 19 நாள் இடைவெளி. இந்தத் தேதிகளை வகுக்கும்போது தூத்தூர்ப் படகுகள் யார் நினைவிலும் இருந்திருக்காது. ஒரு குடிமகனின் வாக்கு, அந்த வருடம் ஈஸ்டரைத் தீர்மானிக்கும் பௌர்ணமி எந்தத் தேதியில் விழுந்தது என்பதைப் பொறுத்து அமைவதைச் சமத்துவம் என்று சொல்ல முடியுமா?

மாற்று வழி என்று சொல்லப்படும் சிலவற்றை இங்கேயே தள்ளிவிடலாம். ஒன்று, ஒருவருக்காக இன்னொருவர் போடும் பதிலி ஓட்டு. ராணுவத்தினருக்கு அது இருக்கிறது. வெளிநாடுவாழ் இந்தியருக்கும் தர 2018இல் மக்களவையில் மசோதா நிறைவேறியது. மாநிலங்களவையைத் தாண்டாமல் காலாவதியானது. கடற்கரையில் வீட்டுப் பணப்பொறுப்பு முதல் வட்டிக்கடை வரை பெண்கள்தான் பார்க்கிறார்கள், ஓட்டையும் அவர்களே போடட்டுமே என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பதிலியாக வருவது மனைவியாகத்தான் இருக்கும் என்று என்ன உறுதி? படகு முதலாளியிடம் முன்பணம் வாங்கியவர் யாருடைய பெயரை எழுதிக் கொடுப்பார்? இதே காரணத்தால் படகிலேயே ஓட்டுப் போடும் யோசனையும் எனக்கு உவப்பில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே தட்டில் சாப்பிடும் இடத்தில், படகை நடத்தும் ஸ்ராங்கின் கண்ணெதிரே, ரகசியம் ஏது? மின்னணு முறையில் அனுப்பும் தபால் ஓட்டு 2016 முதல் பணி வாக்காளர்களுக்கு உண்டு. அதிலும் சீட்டைத்தான் மின்னணு வழியில் அனுப்புகிறார்கள், நிரப்பியதைத் தபாலில்தான் திருப்ப வேண்டும். நடுக்கடலில் தபால்பெட்டி கிடையாது. தொலைவிலிருந்து ஓட்டுப் போடும் எந்திரத்தின் மாதிரியை ஆணையம் 2022 டிசம்பரில் அறிவித்தது. ஒரே எந்திரத்தில் 72 தொகுதிகள் வரை கையாளலாம் என்றார்கள். எதிர்க்கட்சிகள் சந்தேகம் கிளப்பின, அது அப்படியே நிற்கிறது.

பட்டியலில் பெயர் இருப்பதும் இப்போது தானாக நடக்கும் காரியம் அல்ல. 2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வீடு வீடாகப் படிவம் வந்தது. டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுவதும் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை; இறந்தவர், இடம்பெயர்ந்தவர், இரட்டைப் பதிவு, வீட்டில் காணப்படாதவர் என்று காரணங்கள். நவம்பரில் மேற்குக் கடற்கரையில் தடைக்காலம் இல்லை. குடும்பத்தில் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம் என்ற ஏற்பாடு கடலில் இருந்தவர்களைக் காப்பாற்றியிருக்கும், வீட்டில் யாரேனும் இருந்தால். தனியாக இருந்த இளைஞர்கள், வாடகை வீட்டை மாற்றிய குடும்பங்கள் விஷயத்தில்தான் அமைப்புகளுக்கு வேலை. வரைவு வந்தது கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரம். ஆள்கள் ஊரில் இருந்த நாள்கள். கத்தோலிக்கப் பங்கின் பேரவையும், அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் அன்பியக் கூட்டமும் தவறாமல் கூடும் ஊர்களில், பட்டியலை வாசித்துக் காட்டுவதைப் போன்ற எளிய வேலை வேறில்லை.

இந்த மண்ணுக்கு ஓட்டுச் சண்டை புதிதா என்றால், இல்லை. 1956 நவம்பர் 1 வரை இது முதலில் திருவிதாங்கூர், 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சி மண். திருவிதாங்கூரில் 1932இல் கொண்டுவந்த சட்டமன்றச் சீர்திருத்தத்தில் ஓட்டுரிமை நிலவரியோடு கட்டப்பட்டிருந்தது. நிலம் யாரிடம் இருந்ததோ அவர்களிடமே சபையும் போனது. ஈழவரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் கூட்டு அரசியல் காங்கிரஸ் அமைத்து, ஓட்டுப் போடாமல் விலகி நின்று எதிர்த்தார்கள். நிவர்த்தனப் போராட்டம் என்று பெயர். 1935இல் சி. கேசவன் கோழஞ்சேரியில் பேசியதற்காகக் கைதானார். கட்டுமரமும் வலையும் மட்டுமே சொத்தான கடற்கரைக்காரன் அந்த வரிக் கணக்கில் வருவதற்கு வழியே இருந்திருக்காது. 1948 பிப்ரவரியில்தான் வயது வந்த எல்லோரும் ஓட்டுப் போட்ட முதல் தேர்தல் அங்கே நடந்தது. தமிழ்த் தாலுகாக்களில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் பெருவெற்றி பெற்றது. தாய்த் தமிழகத்தோடு இணைய வேண்டும் என்ற கோரிக்கைக்கு அந்த ஓட்டு முதுகெலும்பானது. வரி கட்டாதவன் ஓட்டு, அந்த இணைப்புப் போராட்டத்தின் தலைவர் நேசமணியின் கையை எவ்வளவு பலப்படுத்தியது என்பதைக் குமரியில் வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மீனவரின் பெயர்ப்பட்டியல் எதற்கெல்லாம் உதவும் என்பதை ஒக்கி கொடூரமாகக் காட்டியது. 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் புயல் அடித்தபோது எத்தனை படகு கடலில், எந்தப் படகில் யார் என்று எந்த அரசு அலுவலகத்திலும் கணக்கில்லை. ஊர்க்காரர்கள்தான் நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதினார்கள். எண்ணிக்கை அரசிடம் ஒன்றாகவும் ஊரில் ஒன்றாகவும் நாள்கணக்கில் ஓடியது. டிசம்பர் 7 அன்று குழித்துறையில் மக்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்ததற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம். அதன்பிறகு படகுகளில் டிரான்ஸ்பாண்டர் வந்தது. படகு எங்கே என்று இப்போது ஓரளவு தெரியும். படகில் யார் யார் என்ற ஏடு உயிருக்கும் உதவும், ஓட்டுக்கும் உதவும். மீன்வளத் துறையிடம் இதைக் கேட்கும்போது தேர்தலைப் பற்றிப் பேசவே தேவையில்லை. உயிர் காக்கும் ஏற்பாடு என்றே கேட்கலாம்.

எதிர்க்கேள்வியும் வரும். ரப்பர் பால் வெட்டக் கேரளத்துக்குப் போனவனுக்கும், துபாயில் இருப்பவனுக்கும் கிடைக்காதது கடற்கரைக்கு மட்டும் ஏன்? கேள்வியில் நியாயம் இருக்கிறது. கேரளத்தில் இருப்பவர் விரும்பினால் இரவுப் பேருந்து ஏறலாம். துபாயில் இருப்பவர் விமானச் செலவைத் தாங்கினால் வரலாம். 2010ஆம் ஆண்டுத் திருத்தம் பாஸ்போர்ட்டோடு நேரில் வந்து ஓட்டுப் போட அவருக்கு வழி வைத்திருக்கிறது. அவர்களுக்கும் இன்னும் நல்ல வழி வேண்டும்தான். ஆனால் காசும் மனமும் இருந்தும் வரவே இயலாதவர் கடலில் இருப்பவர்தான். கப்பல் மாலுமிகளும் இதே வரிசையில் நிற்கிறார்கள். இவர்களைச் சேர்த்துக்கொண்டு கேட்டால், கோரிக்கை ஒரு சமூகத்துக்கான சலுகை என்ற பேச்சும் அடங்கும்.

கடைசியாக இருப்பது தோப்பும்படி. ஓட்டு கிள்ளியூரிலோ குளச்சலிலோ இருக்கும்; மீன் இறங்குவது கொச்சியில். அத்தியாவசியப் பணியாளருக்கான வாக்கு மையம் தொகுதிக்குள்தான் திறக்கும். ஜம்மு, டெல்லியில் காஷ்மீரி இடம்பெயர்ந்தோருக்குச் சொந்தத் தொகுதிக்கு வெளியே ஆணையம் சிறப்புச் சாவடி வைத்திருக்கிறது. அந்த முன்னுதாரணத்தைக் காட்டி, தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் ஒரு மையமும், கொச்சித் துறைமுகத்தில் ஒரு மையமும் கேட்கலாம். கொச்சி மையத்துக்குத் திருவனந்தபுரத்தில் இருக்கும் தலைமைத் தேர்தல் அதிகாரியும் ஒப்ப வேண்டும். ஆகவே மனுவின் ஒரு நகல் மலையாளத்திலும் போக வேண்டும். தூத்தூரில் அதை எழுத ஆள் தேட வேண்டியிருக்காது. இரண்டு நகல்களும் தேர்தல் அட்டவணை வருவதற்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பே போய்ச் சேர்ந்தால்தான் அறிவிக்கைக்குள் நுழைய நேரம் இருக்கும்.